திரும்பி வராத வார்ப்புகள்

பதினேழு வருடம் கம்ப்யூட்டர் நிரல் எழுதியவளிடம் இனி எழுத வேண்டாம் என்று சொன்னார்கள். கேக் வெட்டி, கைகொடுத்து, சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

அவிநாசி சாலையில் ஆறாவது மாடி எங்கள் அலுவலகம். கீழே மேம்பாலத் தூண்கள் வரிசை பிடித்து நிற்கும். மழை ஓய்ந்த காலைகளில் மேற்கே மலை ஜன்னலருகே வந்துவிட்டது போல இருக்கும். ஒன்பது மணிக்குள் வெயிலிலும் புகையிலும் கரைந்துவிடும். அந்த ஜன்னலோரத்து இருக்கையில் உட்கார்ந்துதான் நூற்பாலைக்கு எழுதினேன், பால் சொசைட்டிக்கு எழுதினேன், கோழிப்பண்ணைக்கு எழுதினேன். ஒரு பிழை மூன்று நாள் ஒளிந்திருந்து நான்காம் நாள் காலை தானாக வெளியே வந்து நிற்கும்போது உடம்பு முழுக்க ஒரு குளிர் ஓடும். அதற்காகவே அலுவலகம் போனேன் என்று சொன்னாலும் பொய்யில்லை. என் விரல்களுக்கு நிலைகொள்ளாத ஒரு குணம் உண்டு. பஸ்ஸில் போகும்போதும் முன் சீட்டுக் கம்பியில் தட்டிக்கொண்டேதான் இருக்கும்.

"நீங்க இனி ஆர்க்கிடெக்ட்டுங்க," என்றார் எங்கள் மேலாளர். என்னைவிட மூன்று வயது இளையவர். எப்போதும் வெள்ளைச் சட்டை. எதையும் அவசரமில்லாமல் பேசுவார். "முழு அமைப்பும் எப்படி இருக்கோணும்னு யோசிச்சு வரையறது உங்க வேலை. எழுதறது டீம் வேலை. நீங்க கீபோர்டைத் தொடக்கூடாது."

"தொட்டா?"

"தொட்டா அப்பறம் அவீங்க எதுக்குங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். கேக் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆறு மாசம் பார்க்கலாமுங்க. சிங்காநல்லூர் பம்ப் கம்பெனி வேலை சொன்ன நாள்ல நல்லபடியா தொறந்துச்சுன்னா பதவி உங்களுது. இல்லீன்னாலும் ஒண்ணுமில்ல, நீங்க பழையபடி எழுதிட்டு இருக்கலாம்."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது முள்ளாகத் தைத்தது. நான் அந்தப் பதவியை விரும்பினேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பத்து வருடமாக மற்றவர்கள் வரைந்ததை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். பெங்களூரிலிருந்து வந்து, படம் காட்டி, சாயங்கால விமானத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்ட ஆர்க்கிடெக்டுகளின் ஓட்டைகளையெல்லாம் இந்த விரல்கள்தான் அடைத்தன. அவர்களைவிட நான் நன்றாக வரைவேன் என்று எனக்குத் தெரியும். நாற்பத்து மூன்று வயதில் ஒருத்திக்கு அது தெரியாவிட்டால் வேறு எப்போது தெரிவது?

பம்ப் கம்பெனி சிங்காநல்லூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பிரியும் ஒரு சந்துக்குள் இருந்தது. தோட்டத்துக் கிணற்றுக்கும் வீட்டுத் தொட்டிக்கும் மோட்டார் பம்பு செய்கிறவர்கள். ஆனால் கம்பெனிக்குள் நடப்பது கடைசி வேலை மட்டும்தான்: பாகங்களைப் பூட்டுவது, தண்ணீர் விட்டுச் சோதிப்பது, பெட்டியில் அடைப்பது. பம்பின் வெளிக்கூட்டுக்குக் கேசிங் என்று பெயர். அது ஃபவுண்டரியில் வார்ப்பாகப் பிறந்து, ஒரு பட்டறையில் லேத்தில் கடைசல் முடித்து, இன்னொரு பட்டறையில் டிரில்லிங் மெஷினில் துளை போட்டு, வேறொன்றில் பெயிண்ட் அடித்து, பல கை மாறித்தான் கம்பெனிக்கு வந்து சேரும். சுற்றுவட்டாரத்தில் அப்படி நாற்பது சிறு பட்டறைகள் அவர்களுக்கு வேலை செய்துகொண்டிருந்தன.

"என்ற சாமான்ல பாதி எந்நேரமும் ரோட்டுல இருக்குதுங்க," என்றார் முதலாளி, முதல் சந்திப்பில். "எங்க இருக்குதுன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எது எங்க இருக்குதுன்னு நான் என்ற போன்ல பார்க்கோணும். அவ்வளவுதானுங்க."

அவ்வளவுதான். நான் அவர்களுடைய நடைமுறைக் கையேட்டைக் கேட்டு வாங்கினேன். நீல அட்டை போட்டு, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்திய கையேடு. ஒவ்வொரு வேலை முடிந்ததும் பாகம் கம்பெனி ஸ்டோருக்குத் திரும்பி வரும், அங்கே சரிபார்க்கப்படும், பிறகு அடுத்த பட்டறைக்கு அனுப்பப்படும் என்று அதில் தெளிவாக இருந்தது. மூன்று தடவை படித்தேன். பிறகு வரைந்தேன்.

எப்படி வரைந்தேன்! நடுவில் ஸ்டோர், பெரிய வட்டம். சுற்றிலும் நாற்பது பட்டறைகள். ஒவ்வொன்றுக்கும் போக ஒரு அம்பு, வர ஒரு அம்பு. போவது நீலம், வருவது பச்சை. எந்த அம்பும் எந்த அம்பையும் வெட்டவில்லை. ஒரு வாரம் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு கோலத்தைப் பார்ப்பது போல் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனியின் சிறிய கூட்ட அறையில் அதைச் சுவரில் காட்டினேன். முதலாளி, இரண்டு சூப்பர்வைசர்கள், ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒருவர். தேங்காய் பன்னும் டீயும் வந்தன. எல்லோரும் தலையாட்டினார்கள். ஸ்டோர் அம்மா மட்டும் தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடி, இடுப்பில் சாவிக்கொத்து.

"ஏதாச்சும் மாத்தோணுமாங்க?" என்று அவரையே கேட்டேன்.

"நல்லா வரைஞ்சிருக்கீங்க அம்மணி," என்றார். "கலரெல்லாம் எடுப்பா இருக்குது."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

திரும்பும்போது காரில் என் குழுவின் மூத்த டெவலப்பர் பக்கத்தில் இருந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். என்னிடம் ஏழு வருடமாக வேலை செய்கிறவன். எழுத்தில் என்னைவிடச் சிக்கனமானவன். "அக்கா, ஒரு டவுட்டுங்க," என்றான். "கேசிங் ஒண்ணொண்ணும் பன்னெண்டு கிலோ இருக்குமுங்க. ஒவ்வொரு வேலைக்கும் ஸ்டோருக்கு வந்துட்டு வந்துட்டாப் போகும்?"

"கையேட்டுல அப்படித்தான இருக்கு?"

"கையேட்டுல இருக்குதுங்க..."

"அப்பறம் என்ன?"

"ஒண்ணுமில்லீங்க்கா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த நான்கு மாதமும் அவர்கள் எழுதினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நடந்தேன். சும்மா இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று அந்த நாட்களில் தெரிந்துகொண்டேன். நாற்காலிகளுக்குப் பின்னால் போய் நிற்பேன். "இதை இப்படிச் சுருக்கினா..." என்று ஆரம்பிப்பேன். அவர்கள் மரியாதையாகத் தோளைச் சாய்த்து வழிவிடுவார்கள். நான் குனிந்து இரண்டு வரி எழுதிவிடுவேன். ஒரு நாள் மூத்த டெவலப்பர் தன் கீபோர்டின் மேல் ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தான்: 'பூக்களைப் பறிக்காதீர்கள்.' குசும்பு. சிரித்துவிட்டு அன்றைக்கு மட்டும் என் இடத்துக்குத் திரும்பினேன்.

ஐந்தாவது மாதம் சோதனை ஓட்டம். ஸ்டோரில் ஒரு கம்ப்யூட்டர், முதலாளியின் போனில் ஒரு திரை. பட்டறைக்குப் போனால் ஒரு பதிவு, ஸ்டோருக்குத் திரும்பினால் ஒரு பதிவு. முதல் வாரத்துப் பதிவுகளைப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். போனதெல்லாம் வந்திருந்தது. வந்ததெல்லாம் போயிருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. மேலாளரிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். "சும்மா சொல்லக்கூடாதுங்க," என்றார். திறப்பு நாளுக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது. எனக்கு அந்த வாரம் நடையே மாறியிருக்க வேண்டும்.

அப்போதுதான் முதலாளி கூப்பிட்டார்.

"மேடம், சும்மா கூப்பிட்டேனுங்க. சாப்பிட்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க. நீங்க?"

"ஆச்சுங்க. உங்க பக்கம் மழைங்களா?"

"இல்லீங்களே."

"இங்கயும் இல்லீங்க." கொஞ்சம் இருமினார். "ஒண்ணுமில்லீங்க, திரையில அறுபது கேசிங் ஸ்டோர்ல இருக்குதுன்னு காட்டுது. அதை நம்பி இன்னைக்கு பம்பு அனுப்பறேன்னு பல்லடத்துக்காரருக்கு வாக்குக் குடுத்துட்டேன். ஸ்டோர்ல போயிப் பார்த்தா தரைதான் தெரியுதுங்க."

போனை வைத்துவிட்டுப் பதிவுகளைத் திறந்தேன். இந்த முறை எண்ணிக்கையைப் பார்க்கவில்லை; நேரத்தைப் பார்த்தேன். நிரல் எழுதுகிறவளின் கண் அது. நாள் முழுக்க ஒரு பாகம்கூடத் திரும்பி வரவில்லை. மாலை ஐந்து மணிக்கும் ஐந்தே காலுக்கும் இடையில் எல்லாமே திரும்பி வந்தன. வந்த மறு நிமிடமே கிளம்பியும் போயின. நூற்றுக்கணக்கான கிலோ இரும்பு, தினமும் அதே கால் மணி நேரத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து எழுந்ததுபோல. மனிதர்கள் செய்கிற எந்த வேலையும் அத்தனை ஒழுங்காக இருக்காது. ஒரு வாரமாக அந்த ஒழுங்கைத்தான் நான் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை என் ஸ்கூட்டரிலேயே சிங்காநல்லூர் போனேன். ஸ்டோர் அம்மா முறத்தில் போல்ட்டுகளைப் பரப்பித் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அம்மணி. காப்பி சொல்லட்டுங்களா?"

"அப்பறமாகட்டுங்க. அந்த அறுபது கேசிங் எங்கீங்க இருக்குது?"

"அதுங்களா? பெயிண்ட் பட்டறையில."

"ஸ்டோருக்கு வந்துருச்சுன்னு போட்டிருக்கீங்களே?"

"அப்படிப் போட்டாத்தானுங்களே அடுத்த பட்டறைக்கு அனுப்ப விடுது உங்க கம்ப்யூட்டரு?" அவர் குரலில் கோபமே இல்லை, குழந்தைக்கு வழி சொல்வது போலச் சொன்னார். "வந்துச்சுன்னு ஒரு தட்டு, போச்சுன்னு ஒரு தட்டு. பொழுதோட உக்காந்து எல்லாத்தையும் தட்டிப்போடுவேன். முந்தாநாள் இந்த அறுபதையும் வந்துச்சுன்னு தட்டினேன், போச்சுன்னு தட்டறதுக்குள்ள கரண்டு போயிருச்சு."

"அப்ப எதுவுமே இங்க திரும்பி வாரதில்லீங்களா?"

"லேத்துல இருந்து நேரா டிரில்லிங்குக்குப் போயிரும். அங்கிருந்து நேரா பெயிண்டுக்கு. நடுவால இங்க எதுக்குங்க வருது? ஒறம்பரையா, வந்து காப்பி குடிச்சுட்டுப் போறதுக்கு?"

"பெயிண்ட் பட்டறையில இருந்து ஏன் இன்னும் வரலை?"

"பெயிண்டர் ஊர்ல மாரியாத்தா கோயில் நோம்பிங்க. கம்பம் நட்டாச்சு, மூணு நாளைக்கு ஆள் வராது. போன வாரமே சொல்லிட்டுத்தான் போனாரு."

நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "இதையெல்லாம் அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே? படத்தைக் காட்டிட்டு உங்களைத்தான கேட்டேன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அத்தனை பேர் முன்னால, அத்தனை அழகா வரைஞ்சு கொண்டாந்திருந்தீங்க. எப்படிங்க அம்மணி சொல்றது? மனசு சங்கடப்படும்ல?"

யாரைக் குறை சொல்ல? நான் மட்டும் என்ன வெளியூர்க்காரியா? ஒறம்பரையாக விருந்துக்குப் போன வீட்டில் உப்புக் கரிக்கிற குழம்பை நல்லா இருக்குதுங்க என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிடுகிற ஊரில் பிறந்தவள்தான். பெங்களூர்க்காரர்களுக்கு இது தெரியாமல் போகலாம். எனக்குத் தெரியாமல் போனது எப்படி? கலர் எடுப்பா இருக்குது என்று ஒருவர் சொன்னால் வேறு சொல்ல ஒன்றுமில்லை என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். என் படத்தின் அழகு என் காதை அடைத்துவிட்டது.

வாசலில் மொபெட் ஒன்று நின்றது. பின்னால் கட்டிய இரும்புச் சட்டத்தில் ஏற்றியிருந்த எட்டுக் கேசிங்குகளைப் பழைய டியூபால் மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார் ஒருவர். காக்கிச் சட்டை, நரைத்த மீசை. ஃபவுண்டரியிலிருந்து எடுத்து வந்ததாகச் சொன்னார். வழியில் ஸ்டோரில் ஏதோ சீட்டு வாங்க நின்றிருக்கிறார்.

"எங்கீங்க போகுது இது?"

"லேத்துக்குங்க. பின்னால வாரீங்களா? மெதுவாத்தான் போவேன்."

அவர் பின்னாலேயே போனேன். மெதுவாகப் போகவில்லை. மூன்று சந்து, ஒரு பள்ளிக்கூடச் சுவர், ஒரு மாவு மில், அதைத் தாண்டி லேத் பட்டறை. உள்ளே இரும்புச் சுருள்கள் சுடச்சுடத் தரையில் விழுந்துகொண்டிருந்தன. சுவரில் வேத வசனக் காலண்டர். பட்டறைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வாங்க மேடம். அந்தப் படம் வரைஞ்சது நீங்கதானுங்களா? எனக்குப் போன்ல அனுப்பினாங்க. சூரியன் மாதிரி இருந்துச்சு." பின்னால் நின்ற இருவர் சிரிப்பை அடக்கினார்கள். "அதுல எங்க பட்டறை எந்தக் கதிருங்க?"

"இது முடிஞ்சா அடுத்து எந்தப் பட்டறைக்குப் போகோணும்னு யாருங்க முடிவு பண்றது?"

"டிரில்லிங்ல யாரு காலியா இருக்காங்களோ, அவீங்ககிட்டப் போகும்."

"காலின்னு எப்படித் தெரியும்?"

"போன்ல கேட்போம். டீக்கடையில பார்த்தாக் கேட்போம்."

"ஸ்டோருக்குத் திருப்பி அனுப்பிட்டு, அங்கிருந்து..."

"ஏனுங்க, டிரில்லிங்காரர் இதோ எதுத்த சந்துல இருக்காரு. இரும்புக்கு ஊர் சுத்திக் காட்டோணுமா?"

இப்போது அடக்க முடியாமல் எல்லோருமே சிரித்தார்கள். நானும்தான். சிரித்துக்கொண்டே என் படத்தை நினைத்துப் பார்த்தேன். நடுவில் வட்டமே இல்லை. நான் நட்டநடுவில் வைத்த ஸ்டோர், உண்மையில் ஒரு நீண்ட தெருவின் கடைசி வீடு. கை மாறி, சந்து மாறி, காலியாக இருக்கிறவனைத் தேடித் தேடிப் போகிறது அந்த இரும்பு. அதைப் பார்க்க வேண்டுமென்றால் கை மாறுகிற இடங்களில் நிற்க வேண்டும். அடிப்படையே வேறு. மறுபடி வரைந்து, மறுபடி எழுதி முடிக்க இரண்டு மாதம் ஆகும். என்னிடம் இருந்தது நான்கு வாரம்.

அந்தச் சனிக்கிழமை யாருமில்லாத அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு ஒரு குறுக்கு வழி தெரிந்திருந்தது. ஸ்டோர் அம்மா கையால் தட்டுவதை நிரலே தட்டிவிடலாம். ஒரு பட்டறையில் வழக்கமாக வேலை முடிய எவ்வளவு நேரமாகுமோ அந்த நேரம் கழிந்ததும், வந்ததாக ஒரு பதிவு, போனதாக ஒரு பதிவு, அடுத்து எந்தப் பட்டறையாக இருக்கும் என்று ஒரு ஊகம். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சொன்ன நாளில் திறக்கலாம். யாருக்கும் தெரியாது. பதவி என்னுடையது.

எழுதினேன். ஐந்து மாதம் கட்டிப்போட்ட விரல்கள் கன்றுக்குட்டி போலத் துள்ளின. நாற்பது வரி. முதல் தடவையிலேயே ஓடியது. ஜன்னலுக்கு வெளியே மதிய வெயில், மேம்பாலத்தில் வண்டிகள், எனக்குள் அந்தப் பழைய குளிர். அவ்வளவு சந்தோஷமாக நான் அந்த வருடம் முழுக்க இருந்ததில்லை. அதை மறைத்துப் பயனில்லை.

திங்கட்கிழமை மூத்த டெவலப்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு முறை படித்தான்.

"அருமையா எழுதியிருக்கீங்க்கா."

ஸ்டோர் அம்மாவின் குரல் காதில் விழுந்த மாதிரி இருந்தது. "அருமைன்னு சொல்லாத. என்ன தப்புன்னு சொல்லு."

"சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்குவேன். சொல்லு."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "ஸ்டோர்க்கார அம்மா சாயங்காலம் ஒருக்காத்தான் பொய் சொல்றாங்க. இது அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா சொல்லும். அவீங்ககிட்ட நேர்ல போயிக் கேட்டா, பெயிண்டர் நோம்பிக்குப் போயிட்டாருன்னு உண்மையச் சொல்லிருவாங்க. இதுகிட்டக் கேட்டா என்னங்க சொல்லும்?"

சொன்னபடியே எனக்குக் கோபம் வந்தது. லிஃப்டில் இறங்கி, ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனேன். இரண்டு டீ குடித்தேன். முதல் டீயில் அவனுக்குப் பதில் தயாரித்தேன். இரண்டாவதில் அவன் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. பத்து வருடம் மற்றவர்களின் தப்பான படங்களை இப்படித்தானே நான் அடைத்துக் கொடுத்தேன்? அடைக்க அடைக்க அவர்கள் அடுத்த ஊருக்கு அதே படத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். என் படத்தையும் நானே அடைத்துக் கொடுத்தால், இந்தப் பதவியில் நான் உட்கார்ந்து என்ன லாபம்?

மேலே வந்து நாற்பது வரியையும் அழித்தேன். வலித்தது. பிறகு மேலாளரிடம், பம்ப் கம்பெனியில் ஒரு கூட்டம் வைக்க வேண்டும் என்றேன்.

அதே சிறிய அறை, அதே தேங்காய் பன். உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சுற்றி வளைப்பேன் என்று எனக்குத் தெரியும். "நான் வரைஞ்ச படம் தப்புங்க. டீம் நான் சொன்னதைச் சரியாத்தான் எழுதியிருக்காங்க. தப்பு படத்துல. சொன்ன நாள்ல தொறக்க முடியாது. பட்டறைக்காரங்களே அவங்கவங்க போன்ல தட்டற மாதிரி மறுபடி வரையோணும், இன்னும் ரெண்டு மாசம் வேணும்."

மேலாளர் மேஜையைப் பார்த்தார். முதலாளி சூப்பர்வைசர்களைப் பார்த்தார். ஸ்டோர் அம்மா என்னைப் பார்த்தார்.

"கையேட்டுல இருந்தபடிதான வரைஞ்சீங்க?" என்றார் முதலாளி, எனக்காக வருத்தப்பட்டு.

"ஆமாங்க. மூணு தடவை படிச்சேன்."

அவர் பின்கழுத்தைச் சொறிந்தார். "அது தரச் சர்டிபிகேட்டு வாங்கறதுக்கு எழுதி வெச்சதுங்க. அப்படி இருந்தாத்தான் குடுப்பாங்கன்னாங்க. அதை ஒருத்தர் உக்காந்து படிப்பாங்கன்னு நாங்க நினைக்கலீங்களே!"

ஸ்டோர் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு அறை முழுக்கச் சிரிப்பு. மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை.

"ரெண்டு மாசம் எடுத்துக்கங்க," என்றார் முதலாளி. "பட்டறைக்காரங்க ஒவ்வொருத்தரும் அவங்கவங்க போன்ல தட்டுவாங்கன்னு சொல்றீங்க. அவீங்க தட்டுவாங்களான்னு நீங்களே நேர்ல கேட்டுட்டு எழுதுங்க. நான் கேட்டா எனக்காக ஆமான்னு சொல்லிப்போடுவாங்க."

படிக்கட்டில் இறங்கும்போது மேலாளர் பேசினார். "ஆறு மாசம்னு சொல்லியிருந்தேனுங்க."

"ஞாபகம் இருக்குதுங்க."

"தாண்டுது."

"தாண்டுதுங்க."

அவர் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பதவி என்னவாகும் என்று நான் கேட்கவில்லை. விசித்திரம் என்னவென்றால், எனக்குப் பயமாக இல்லை. எழுதக் கூப்பிட்டால் எழுதுவேன். ஆனால் எது தப்பு என்று இப்போது எனக்குத் தெரியும், எப்படி வரைவது என்றும் தெரியும். அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

புதன்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளையில், லேத் பட்டறையிலேயே கூடினோம். பதினைந்து பட்டறைக்காரர்கள் வந்தார்கள். என்னோடு மூத்த டெவலப்பர் வந்திருந்தான். மேலாளரும் வந்தார், என்ன நடக்கிறதென்று பார்க்க. ப்ரொஜெக்டர் கிடையாது, கலர் கிடையாது. பம்பு அடைக்கும் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்து, மார்க்கர் பேனாவால் வேண்டுமென்றே கோணல்மாணலாக வரைந்தேன். பட்டறையிலிருந்து பட்டறைக்கு ஒரு சங்கிலி. கொடுக்கிறவர் தன் போனில் ஒரு தட்டு, வாங்குகிறவர் ஒரு தட்டு.

"எங்க எல்லாம் தப்புன்னு சொல்லுங்க," என்றேன். "நல்லா இருக்குதுன்னு சொல்றவங்களுக்கு டீ கிடையாது."

சட்டைப் பையைத் தடவினார்கள், மெஷினைப் பார்த்தார்கள். பிறகு டிரில்லிங்காரர் தொண்டையைச் செருமினார். "இல்லீங்க மேடம், கோவிச்சுக்காதீங்க. அறுபது வந்தா அறுபதும் ஒண்ணாப் போகாதுங்க. நாப்பது இன்னைக்குப் போகும், இருபது நாளைக்கு."

"அது ஒரு தப்பு," என்று அட்டையில் குறித்தேன். "அடுத்து?"

"கை பூரா எண்ணெய்," என்றார் லேத்காரர். "போனைத் தொட்டா வழுக்கிட்டு ஓடும். எங்க தட்டறது?"

"அவரு போன் ஏற்கெனவே ரெண்டு தடவை கூலன்ட் தண்ணிக்குள்ள குளிச்சுருச்சுங்க," என்றது ஒரு குரல்.

சிரிப்புக்கு நடுவே வாசலில் நின்ற மொபெட்காரர் ஒரு கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்தில் தூக்குவது போல. "தட்டற வேலைய எங்ககிட்டக் குடுத்துப்போடுங்க. எடுக்கறப்ப ஒண்ணு, இறக்கறப்ப ஒண்ணு. எத்தனை ஏத்தினோம்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? வண்டி சொல்லிருமே. நாங்க மொத்தம் அஞ்சே பேருதான்."

நான் அட்டையைப் பார்த்தேன். ஒவ்வொரு பட்டறைக்கும் நடுவில் என் கோணல் அம்புகள். முதல் படத்திலும் அம்புகள்தான், நீலமும் பச்சையுமாக. அம்பு வரைந்த இடத்திலெல்லாம் இந்த ஐந்து பேர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் பின்னாலேயே மூன்று சந்து போயிருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

மூத்த டெவலப்பர் என் காதருகே குனிந்தான். "அக்கா, நாப்பது பட்டறைக்கு எழுத வேண்டியதில்லைங்க. அஞ்சு பேருக்கு எழுதினாப் போதும். ஒண்ணரை மாசத்துல முடிச்சுருவேன்."

"நீயே எழுது. நான் தொட மாட்டேன்."

"பார்க்கலாமுங்க," என்றான்.

லேத்காரர் இதற்குள் வெள்ளைச் சட்டைதான் பெரியவர் என்று நினைத்து மேலாளரிடம் போய்விட்டார். "ஏனுங்க சார், ரிஜெக்ட் ஆன பீஸைப் பத்தி இதுல ஒண்ணுமே காணமுங்க. அது மறுபடி ஃபவுண்டரிக்கே திரும்பிப் போகோணும். அதை யாருகிட்டச் சொல்றது?"

மேலாளர் சட்டைக் கையில் பட்டிருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, அவசரமில்லாமல், என் பக்கம் கையைக் காட்டினார். "ஆர்க்கிடெக்ட் அவங்கதானுங்க. இப்பவும் சரி, இந்த வேலை முடிஞ்ச பின்னாலயும் சரி. அவங்ககிட்டயே சொல்லுங்க."

லேத்காரர் என்னிடம் வந்தார். அட்டையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எண்ணெய் விரலை ஒரு அம்பின் மேல் வைத்து அழுத்தினார்.

"மேடம், இதுவும் தப்புங்க."

"சொல்லுங்க," என்றேன். "மெதுவாவே சொல்லுங்க."